ஹாலோவீன் நாளில் பாலைவனத்து ஊர்களுக்கு: அமெரிக்கத் தென்மேற்கின் பேய்க்கதைத் தலங்களைக் காண ஒரு வழிகாட்டி

அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனை ஒட்டிய பயணத்துக்கு அமெரிக்கத் தென்மேற்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் ஒரு விடுதி அறையையோ, இரவில் விளக்கேந்திச் செல்லும் ஒரு பேய்க்கதை நடையையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, நெவாடாவின் தெற்குப் பகுதி, டெக்சஸின் மேற்குக் கோடி ஆகியவற்றில் அதற்கு இடப்பஞ்சமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளியோ செம்போ கிடைத்த இடங்களில் எல்லாம் ஓரிரு ஆண்டுகளில் ஊர்கள் எழுந்தன. தாது தீர்ந்தபோதும் சுரங்கத்தில் நீர் புகுந்தபோதும் அதே வேகத்தில் அவை காலியாயின. வறண்ட காற்றில் மரமும் மண்சுவரும் மெதுவாகவே அழிவதால், மழை மிகுந்த நாடுகளில் மண்ணோடு மண்ணாகியிருக்கும் பல கட்டடங்கள் இங்கே இன்னும் நிற்கின்றன.

ஆவி உண்டா இல்லையா என்ற வாதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, இங்கே யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு இந்த நிலம் அள்ளிக் கொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கதை எவ்வளவு பயங்கரமானது என்று பார்ப்பதற்கு முன், கதைக்குப் பின்னால் ஆவணப்படுத்தப்பட்ட மரணம் ஒன்று இருக்கிறதா, அது நடந்த கட்டடமோ மண்ணோ இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் அமைந்த ஊரில் அருங்காட்சியகம், நீதிமன்றம், சிறை, இடுகாடு என்று பகலில் பார்ப்பதற்கும் நிறைய இருக்கும். பகலில் பார்த்துவிட்டு இரவில் கதை கேட்பதுதான் சரியான வரிசை.

காலமும் கடிகாரமும்

அக்டோபர் கடைசி வாரம் இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். கோடையின் கொடுமை தணிந்து, டூசான் போன்ற தாழ்நிலப் பாலைவன நகரங்களில் பகல் இதமாக இருக்கும். ஆனால் பார்க்க வேண்டிய சுரங்க ஊர்கள் பலவும் மலையில் இருப்பவை: பிஸ்பி ஏறத்தாழ 5,500 அடி உயரத்திலும் ஜெரோம் ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலும் இருக்கின்றன. பகலில் அரைக்கைச் சட்டையோடு நடந்தவர் இரவு நடையில் குளிரில் நடுங்குவது இங்கே வழக்கம் என்பதால், மாறுவேட உடைக்கு அடியில் அணியத்தக்க கம்பளிச் சட்டை ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அக்டோபர் 31 அன்று தெற்கு அரிசோனாவில் மாலை ஐந்தரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. இடுகாடுகளையும் பாழடைந்த ஊர்களையும் அதற்கு முன்பே பார்த்து முடிக்கும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் இங்கே பலரை ஏமாற்றியிருக்கிறது. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்நகர்த்துவதில்லை. அண்டை மாநிலங்கள் நகர்த்துகின்றன, நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் பழைய நேரத்துக்குத் திரும்புகின்றன. எனவே ஹாலோவீன் நாளில் அரிசோனாவும் நெவாடாவும் ஒரே நேரத்திலும், நியூ மெக்சிகோ ஒரு மணி நேரம் முன்னதாகவும் இருக்கும். அரிசோனாவுக்குள்ளேயே உள்ள நவஹோ மக்களின் நிலம் நியூ மெக்சிகோவோடு சேர்ந்து ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலமோ அரிசோனா நேரத்தையே பின்பற்றுகிறது. கைபேசி அருகிலுள்ள கோபுரத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆதலால், முன்பதிவு செய்த சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் எந்த நேரப்படி என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

பழைய விடுதிகளில் அறைகள் குறைவு. ஹாலோவீன் வார இறுதிக்குப் பல மாதங்களுக்கு முன்பே அவை நிரம்பிவிடுகின்றன. இடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வாரம் முன்னதாகப் போவதில் இழப்பு ஏதும் இல்லை. அரிசோனாவின் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான டூம்ஸ்டோனைப் பொறுத்தவரை அது இன்னும் பொருத்தம், ஏனென்றால் அந்த ஊருக்குப் புகழ் தந்த துப்பாக்கிச் சண்டை நடந்த நாள் அக்டோபர் 26.

டூசானிலிருந்து டூம்ஸ்டோனும் பிஸ்பியும்

முதன்முறை போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது தெற்கு அரிசோனாவின் மூன்று நாள் சுற்று. டூசானிலிருந்து டூம்ஸ்டோன் ஏறத்தாழ 70 மைல். அங்கிருந்து பிஸ்பி 25 மைலுக்கும் குறைவு. நாளின் பெரும்பகுதியைச் சாலையில் கழிக்காமல் ஊர்களிலேயே கழிக்கலாம்.

டூம்ஸ்டோன் என்ற பெயருக்குக் கல்லறைக் கல் என்று பொருள். 1877-இல் அப்பாச்சி மக்களின் நிலத்தில் தனியே தாது தேடித் திரிந்த எட் ஷீஃபெலினிடம், உனக்கு அங்கே கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல் மட்டும்தான் என்று படைவீரர்கள் சொன்னார்களாம். அவர் வெள்ளியைக் கண்டெடுத்ததும் தம் சுரங்க உரிமைக்கு அதையே பெயராக வைத்தார். 1879-இல் ஊர் உருவானது. 1881 அக்டோபர் 26 பிற்பகலில் ஊர்க்காவல் தரப்பில் வெர்ஜில், வயட், மார்கன் என்ற எர்ப் சகோதரர்கள் மூவரும் அவர்களுடைய நண்பர் டாக் ஹாலிடேவும் ஒரு பக்கமாகவும், கௌபாய்கள் எனப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்த கிளான்டன், மெக்லாரி குடும்பத்தினர் மறுபக்கமாகவும் நின்று சுட்டுக்கொண்டதில், ஏறக்குறைய 30 விநாடிகளுக்குள் பில்லி கிளான்டனும் மெக்லாரி சகோதரர்கள் இருவரும் மாண்டார்கள். ஓ.கே. கோரால் என்ற குதிரைத் தொழுவத்தின் பெயரால் அது அழைக்கப்பட்டாலும், சண்டை உண்மையில் நடந்தது தொழுவத்தின் பின்வாசலுக்கு அப்பால், ஃபிளை என்பவரின் புகைப்பட நிலையத்தை ஒட்டிய குறுகலான வெற்று மனையிலும் ஃப்ரீமான்ட் தெருவிலும். நாடகமாக நடித்துக் காட்டும் சண்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், அந்தத் தெருவுக்கு நடந்து போய், எதிரெதிராக நின்றவர்களுக்கு இடையே எவ்வளவு குறைந்த தூரம் இருந்தது என்பதைக் கண்ணால் அளந்து பாருங்கள். அந்த அண்மைதான் என்னை உலுக்குகிறது.

அடுத்து 1882-இல் கட்டப்பட்ட பழைய நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள்; இப்போது அது மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. அதன் முற்றத்தில் தூக்குமேடை ஒன்றை மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள். 1883 டிசம்பரில் பிஸ்பியில் ஒரு கடையைக் கொள்ளையடித்தபோது நால்வரைக் கொன்ற ஐவர், 1884 மார்ச் 28 அன்று இங்கே ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கொள்ளையில் தொடர்புடையவராகச் சிறைத்தண்டனை பெற்ற ஜான் ஹீத் என்பவரை அதற்கு முந்தைய மாதமே ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து தந்திக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தது. மறுநாள் நீங்கள் போகப்போகும் பிஸ்பியின் கதை இப்படி டூம்ஸ்டோனின் முற்றத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பூட்ஹில் இடுகாட்டைப் பிற்பகலில் பாருங்கள். ஊர் தோன்றிய காலம் முதல் 1884 வரை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு புதிய இடுகாடு வந்ததும் இது கவனிப்பாரற்றுக் கிடந்தது. இப்போது காணும் மரப் பலகைகள் பிற்காலத்தில் புதுப்பித்து நட்டவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். வேடிக்கையான வாசகம் எழுதிய பலகைமுன் நின்று படம் எடுக்கும் கூட்டத்தை விட்டு விலகி, பெயர் தெரியாதவர் என்று மட்டும் எழுதப்பட்டவற்றையும், சீனர்களின் கல்லறைகளையும், யூதர்களுக்கான நினைவிடத்தையும் தேடிப் பாருங்கள். வெள்ளிக்காக எத்தனை தேசத்தார் இந்த மூலைக்கு வந்தார்கள் என்பது அங்கே விளங்கும்.

இரவுக்கு உரியது பேர்ட் கேஜ் நாடக அரங்கு. 1881 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த அரங்கின் சுவர்களிலும் கூரையிலும் 140 குண்டுத் துளைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் மேலே தொங்கும் திரையிட்ட மாடங்களும் பழைய மேடையும் உண்மையானவை. இரவுச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யும்போது குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். சிறு குழுவாக இருந்தால்தான் அந்தக் கட்டடத்தின் அமைதி காதில் விழும்.

பிஸ்பிக்குப் போகும் சாலை மலைச் சுரங்கப்பாதை ஒன்றைக் கடந்து, செம்பு மலைகளின் இடுக்கில் படிக்கட்டுகளாக அடுக்கப்பட்ட ஊரில் இறங்குகிறது. 1902-இல் திறக்கப்பட்ட காப்பர் குவீன் விடுதிதான் இங்கே பேய்க்கதைகளின் தலைமையிடம். ஜூலியா லோவெல் என்ற பெண்ணின் ஆவி, அருகிலுள்ள ஆற்றில் மூழ்கி இறந்த சிறுவனின் ஆவி என்று விடுதி சொல்லும் கதைகளையும், தங்கியவர்கள் தாங்கள் கண்டதாக எழுதிவைத்த குறிப்புகளையும் முகப்பில் கேட்டுப் படிக்கலாம். அங்கே தங்க அறை கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டாம்.

பிஸ்பியில் நீங்கள் தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, குவீன் சுரங்கம். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் வழிகாட்டிகளாக இருந்துவந்த இந்தச் சுற்றுலாவில், மஞ்சள் அங்கியும் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, சிறு ரயிலில் மலைக்குள் ஏறத்தாழ 1,500 அடி போகலாம். உள்ளே ஆண்டு முழுவதும் 8 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் இருக்கும். இறுக்கமான இடங்களில் மூச்சு முட்டும் உணர்வு உள்ளவர்கள் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மற்றொன்று, பேய்க்கதைக்காரர்கள் அவ்வளவாகப் பேசாத வாரன் பேஸ்பால் மைதானம். 1917 ஜூலை 12 விடியலில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்களுக்கு ஆதரவானவர்களையும் ஷெரிஃப் ஹாரி வீலர் திரட்டிய ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட ஆயுதக் கூட்டம் வீடு வீடாகப் புகுந்து பிடித்து, இந்த மைதானத்தில் நிறுத்தியது. அவர்களில் ஏறத்தாழ 1,200 பேரைக் கால்நடைகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோவின் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். பலர் மெக்சிகோவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள். திரும்பி வரக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டவர்கள். குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையமே இது சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்னர் சொன்னது. முதலில் ஊர் நடுவிலுள்ள சுரங்க அருங்காட்சியகத்தில் இதைப் படித்துவிட்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களில் பிறந்த நமக்கு, காப்பர் குவீனின் எந்த அறையையும்விட அந்த வெற்று மைதானம் நெஞ்சைக் கனக்கச் செய்யும்.

இந்தச் சுற்றில் ஒரு நடைமுறைச் செய்தியை மறக்க வேண்டாம். மெக்சிகோ எல்லை அருகில் இருப்பதால் சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டையையோ, கடவுச்சீட்டையும் நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவுசெய்யும் ஐ-94 படிவத்தையுமோ கையில் வைத்திருங்கள். பதினெட்டு வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாம் நாள் டூசானுக்குத் திரும்பினால், 1919-இல் கட்டப்பட்ட காங்கிரஸ் விடுதியைப் பார்க்கலாம். 1934 ஜனவரியில் அங்கே ஏற்பட்ட தீயால்தான், பொய்ப்பெயரில் தங்கியிருந்த ஜான் டில்லிஞ்சரின் வங்கிக் கொள்ளைக் கூட்டம் அடையாளம் தெரிந்து பிடிபட்டது. எரிந்துபோன மூன்றாம் மாடியைப் பிறகு யாரும் கட்டவே இல்லை. அங்கிருந்து நடக்கும் தொலைவிலுள்ள பழைய குடியிருப்பில் எல் டிராடிட்டோ என்ற சிறிய திறந்தவெளி வழிபாட்டிடம் இருக்கிறது. காதல் தகராறில் கொல்லப்பட்டு, திருச்சபையின் புனித மண்ணில் இடம் மறுக்கப்பட்ட ஒரு பாவியின் நினைவாக மக்கள் இங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஏற்றிய வத்தி விடியும்வரை அணையாமல் எரிந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. இது காட்சிப் பொருளன்று, இன்றும் வேண்டுதல் நடக்கும் இடம். குரலைத் தாழ்த்தி, பிறர் வைத்த எதையும் தொடாமல் நின்றுவிட்டு வாருங்கள்.

நேரம் மிகுந்தவர்களுக்கு

வடக்கே போக முடிந்தால் ஜெரோம். 1920-களில் 15,000 பேர் வரை வாழ்ந்த இந்தச் செம்பு ஊரில், 1953-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் நூறு பேர்கூட மிஞ்சவில்லை. மலைச்சரிவில் உயர்ந்து நிற்கும் ஜெரோம் கிராண்ட் விடுதி, 1927-இல் சுரங்க நிறுவனம் திறந்த மருத்துவமனை. 1950-இல் மூடப்பட்டு, பல்லாண்டு வெறுமையாகக் கிடந்து, 1996-இல் விடுதியானது. நிலத்தடி வெடிப்புகளால் இடம்பெயர்ந்த மலைச்சரிவில் 200 அடிக்கும் மேலாக வழுக்கி இறங்கிய சிறைச்சாலையும் இங்கே இருக்கிறது. சாலை கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது, ஆதலால் இருட்டில் முதன்முறையாக ஏறாதீர்கள்.

மேற்கே யூமாவின் பழைய சிறை, என் கணிப்பில் முழு நாளும் கொடுக்கத் தகுந்தது. 1876-இல் கைதிகளைக் கொண்டே கட்டத் தொடங்கி 1909-இல் மூடப்படும்வரை 29 பெண்கள் உட்பட 3,069 பேர் இதில் அடைபட்டார்கள். இருட்டறைத் தண்டனையைப் பற்றித்தான் வழிகாட்டிகள் அதிகம் பேசுவார்கள். சிறையில் மாண்ட 111 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது காசநோய் என்பதை அறிந்து, சிறை மதிலுக்கு வெளியே பெயரின்றிக் கற்குவியல்களாகக் கிடக்கும் கல்லறைகளைப் பார்த்தால், இருட்டறையின் பயம் சிறியதாகிவிடும்.

நெவாடாவில் பீட்டி என்ற ஊரை அடுத்துள்ள ரயோலைட், 1905 முதல் சில ஆண்டுகள் மட்டுமே செழித்து, 1920-க்குள் ஆளற்றுப்போனது. மூன்று மாடி வங்கியின் எலும்புக்கூடும், 1906-இல் ஆயிரக்கணக்கான புட்டிகளால் கட்டப்பட்ட வீடும் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இன்னும் வடக்கே டொனோபாவில், கோமாளிப் பொம்மைகள் நிறைந்த கிளவுன் மோட்டலை ஒட்டியே பழைய இடுகாடு இருக்கிறது. மோட்டலைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். 1911 பிப்ரவரியில் பெல்மான்ட் சுரங்கத் தீயில் இறந்தவர்கள் பக்கத்து மண்ணில் இருக்கிறார்கள்.

நியூ மெக்சிகோவின் வடகிழக்கில் டாசன் என்ற நிலக்கரி ஊரின் இடுகாடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1913 அக்டோபர் 22 அன்று சுரங்க வெடிப்பில் 263 பேர் மாண்டார்கள். பத்தாண்டு கழித்து மற்றொரு வெடிப்பு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வரிசை வரிசையாக வெண்ணிற இரும்புச் சிலுவைகள். பேய்க்கதை ஏதும் அங்கே தேவைப்படாது.

உயிருக்குக் காவல்

இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து கைவிடப்பட்ட சுரங்கங்களில் இருக்கிறது. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாத எந்தச் சுரங்க வாயிலுக்குள்ளும் ஓரடிகூட வைக்காதீர்கள். தரைபோலத் தோன்றுவது செங்குத்துக் குழியின்மேல் போட்ட உளுத்த பலகையாக இருக்கலாம். உயிர்வளி குறைந்த காற்றுக்கு மணமும் நிறமும் இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. காலம் கடந்த வெடிபொருள்கள் தொட்டாலே வெடிக்கலாம். வெயிலுக்கு ஒதுங்கிய விரியன் இனப் பாம்பான ராட்டில்ஸ்நேக் வாயிலருகிலேயே சுருண்டிருக்கும். அக்டோபர் இறுதியிலும் அவை நடமாடும் என்பதால் இடிந்த சுவரின்மேல் கையூன்றுவதற்கு முன் பாருங்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் இதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

பூட்டிக் கிடக்கும் பழைய அறைகளில் இன்னொரு தொல்லை உண்டு. 1993-இல் நான்கு மாநில எல்லைகள் கூடும் பகுதியில் இளவயதினர் பலர் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தபோதுதான், மான் எலி என்ற சிற்றெலியின் கழிவிலிருந்து காற்றில் பரவும் ஹான்டா வைரஸ் அங்கே கண்டறியப்பட்டது. எலிப் புழுக்கை கிடக்கும் கட்டடத்தில் தூசியைக் கிளப்பாதீர்கள், உட்காராதீர்கள், படுக்காதீர்கள்.

காரில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், நிரம்பிய எரிபொருள், தாளில் அச்சிட்ட வரைபடம், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை இருக்கட்டும். கைபேசிக்குப் பல இடங்களில் இணைப்பு கிடைக்காது.

பிறருடைய மண்ணில், பிறருடைய இறந்தோர் நடுவில்

தென்மேற்கின் பழமை சுரங்க ஊர்களோடு தொடங்கியதன்று. மலைக்குடைவுகளிலும் சமவெளிகளிலும் நிற்கும் தொல்குடிகளின் கல்வீடுகளைப் பேய்க்கதைத் தலங்களாகக் கருதிப் போவது தவறு என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். பியூப்ளோ மக்களுக்கு அவை முன்னோர் இன்னும் வாழும் இடங்கள். நவஹோ மரபில் இறந்தவர்களைப் பற்றி வீணாகப் பேசுவதும், மரணம் நிகழ்ந்த வீட்டை நெருங்குவதும் விலக்கப்பட்டவை. நவஹோ வழிகாட்டியிடம் பேய்க்கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். பானை ஓடு போன்ற தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால், 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அது குற்றம். பழங்குடி உடையை ஹாலோவீன் வேடமாக அணிவதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹாலோவீன் முடிந்த மறுநாளே ஊர் திரும்பாமல் இரண்டு நாள் கூடுதலாக இருக்க முடிந்தால், இந்தப் பகுதியின் உண்மையான இறந்தோர் திருவிழாவைக் காணலாம். நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மெக்சிகோ வழி மக்கள் இறந்த உறவினருக்குப் படையலிட்டு, சாமந்திப் பூவும் ரொட்டியும் படமும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தமிழ்க் கிறித்தவர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லும் அதே நவம்பர் 2. டூசானில் நவம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில், 1990 முதல் அனைத்து ஆன்மாக்களின் ஊர்வலம் நடந்துவருகிறது. இறந்தவர்களுக்கு எழுதிய சீட்டுகளைப் பெருங்கலம் ஒன்றில் சேர்த்து இறுதியில் எரிப்பார்கள். அயலாரும் தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரை எழுதிப் போடலாம், நடக்கலாம். முகத்தில் மண்டையோட்டுக் கோலம் தீட்டிக்கொள்பவர்கள் துக்கத்தில் இருப்பவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதால், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

டெக்சஸின் டெர்லிங்குவாவில், பாதரசச் சுரங்கத் தொழிலாளர்கள் புதைக்கப்பட்ட இடுகாட்டில் நவம்பர் 2 மாலை ஊரார் கூடிக் கல்லறைகளில் விளக்கேற்றுகிறார்கள். அந்த ஊர் நியூ மெக்சிகோவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் மத்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. மேற்கிலிருந்து வருகிறவர்கள் பொழுதைக் கணக்கிடும்போது அதைக் கவனியுங்கள். கண்ணாடிக் குடுவையில் எரியும் மெழுகுவத்திகள் சிலவற்றை வாங்கிச் சென்று, கற்குவியல்களின்மேல் மிதிக்காமல் நடந்து, குடும்பத்தார் யாரும் வந்து நிற்காத, பெயர் அழிந்த ஒரு மரச்சிலுவையின் கீழ் ஏற்றி வைக்கலாம். அங்கே நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தீப்பெட்டியை அவர்களே நீட்டுவார்கள்.